இலுப்பூர்ப் பக்கம் அரைக் கிலோ மண் எடுக்கப் போனேன்

லீவில் ஊருக்குப் போகிறவனை ஷார்ஜாவில் அறைக்காரர்கள் சும்மா விட மாட்டார்கள். ஒருவன் தைல பாட்டில் கொடுப்பான். இன்னொருவன் அக்கா மகளுக்கு என்று பொம்மை கொடுப்பான், அந்தப் பொம்மை சுங்கச் சோதனை வரிசையில் பெட்டிக்குள் கிடந்து தானாகப் பாட ஆரம்பித்து மானத்தை வாங்கும். என் எதிர்க் கட்டில்காரன் முத்தையா இந்தத் தடவை எதையும் கொடுக்கவில்லை. "எங்கூருக்குப் போயி என் வயல்ல அரைக் கிலோ மண்ணு எடு சேகரு. பரிசோதனைக்குக் குடு. ரிசல்ட்டை எனக்குச் சொல்லு. அம்புட்டுதான்" என்றான்.

அவனுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் கொஞ்சம் செம்மண் நிலம். நெடுங்காலம் தைல மரம் நின்ற நிலம். மரத்தை வெட்டி, கட்டையைப் பிடுங்கி இப்போது வெறுமனே கிடக்கிறது. அவனுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நிலம் தேறும் என்றால் கையெழுத்துப் போடாமல் ஊருக்குப் போய்க் கடலை போடுவான். தேறாது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் சில வருஷம் என்னோடு சேர்ந்து ஏசி கம்பெனியில் குப்பை கொட்டுவான்.

"உன் பெண்டாட்டி ஊரில்தானே இருக்கிறாள், அவள் எடுத்துக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"செல்வி எடுத்தா மண்ணு பாஸாயிரும்டா. அவளுக்கு நான் ஊருக்கு வரணும். எங்கண்ணன் எடுத்தா ஃபெயிலாயிரும். அவனுக்கு நான் இங்கயே கெடக்கணும். ஒனக்குத்தான் மண்ணைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. அதனால நீ போ."

இதைவிட மரியாதையாக எனக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. நான் பெரம்பூர்க்காரன். மூன்றாவது மாடி. எனக்குச் சொந்தமான மண் என்றால் பால்கனியில் செம்பருத்தித் தொட்டிக்குள் இருப்பதுதான், அந்தச் செம்பருத்தியும் செத்துப்போய்விட்டது.

திருச்சியில் இறங்கி இலுப்பூர் பஸ்ஸில் ஏறினேன். காலியாகத் தெரிந்த ஒரே ஜன்னலோர இடத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அதன் சொந்தக்காரர் அதன் தோளை அணைத்தபடி இருந்தார். கொஞ்சம் இறக்கி வைத்தால் நான் உட்காருவேன் என்று பணிவாகத்தான் சொன்னேன்.

"காயில் எரிஞ்சுபோயி, கட்டிக்கிட்டு வாரேன் தம்பி. இதுக்கும் டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க அங்கிட்டு நில்லுங்க" என்றார்.

கண்டக்டரைப் பார்த்தேன். "எடுத்துருக்காரு சார்" என்றார் அவரும். பாதி வழி வரைக்கும் மோட்டார் காற்று வாங்கிக்கொண்டு வந்தது, நான் கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில் டிரைவர் பிரேக் போட, மோட்டார் எழுந்து என் கால் மேல் இறங்கியது. நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சொந்தக்காரர் பதறிப்போய், "ஐயையோ, அடி பட்டுருச்சா?" என்று மோட்டாரைத் தடவிப் பார்த்தார்.

இலுப்பூரில் செல்வியின் தம்பி பாண்டி ஒரு பழைய டிவிஎஸ் வண்டியோடு நின்றான். நான் நொண்டுவதைப் பார்த்ததும் நேரே ஓட்டலுக்குக் கூட்டிப்போய் பரோட்டாவும் முட்டை மாஸும் வாங்கிக் கொடுத்தான். அவித்த முட்டையைத் துண்டு போட்டு வெங்காயத்தோடும் சால்னாவோடும் கல்லில் புரட்டித் தருகிறார்கள். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமைதோறும் முத்தையா இதே பெயரில் ஒன்றைச் செய்து என் தலையில் கட்டுவான். இத்தனை வருஷம் நான் ஏமாந்திருக்கிறேன் என்று முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.

ஊருக்குள் வண்டி நுழைந்தபோதே சேதி எங்களை முந்திவிட்டிருந்தது. மண்ணு டாக்டர் வந்திருக்கிறார் என்று முத்தையா வீட்டு வாசலில் கூட்டம். ஒருவர் தன் மாட்டின் நாக்கைக் காட்டினார். இன்னொருவர் தன் நாக்கையே காட்டினார். "நான் டாக்டர் இல்லைங்க, ஸ்டோர் கீப்பர்" என்றேன். "அதுக்கென்ன, ஸ்டோர் டாக்டரு" என்று சமாதானம் ஆனார்கள். செல்வி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். திடமான பெண், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது. "அண்ணே, மண்ணு நல்லாருக்குன்னு வந்தா அவரு வந்துருவாரா?" என்று சோறு போட்டபடியே கேட்டாள். வருவேன் என்றுதான் சொன்னான் என்றேன். அதற்கப்புறம் என் இலையில் விழுந்த மீன் துண்டுகளுக்கு அளவே இல்லை.

மறுநாள் காலை வயலில் இறங்கினோம். முத்தையா வாட்ஸப்பில் அனுப்பியிருந்த உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டபடி வேலை நடந்தது. வரப்போரம் எடுக்காதே. மரத்தடியில் எடுக்காதே. எருக்குழி பக்கமே போகாதே. வயல் முழுக்கக் குடிகாரன் நடக்கிற மாதிரி வளைந்து வளைந்து நடந்து அங்கங்கே எடு. மேலே கிடக்கிற சருகை ஒதுக்கு, மம்பட்டியால் சாய்வாக இரண்டு பக்கமும் வெட்டி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் பறி, அந்தப் பள்ளத்துச் சுவரை மேலிருந்து கீழ் வரை சீவி எடு. எடுத்ததை உரச் சாக்கில் போட்டாயோ, தொலைந்தாய்.

மம்பட்டி என் பேச்சைக் கேட்கவில்லை. செம்மண் என்றால் மெத்தென்று இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். சரளையில் பட்டு 'டங்' என்று திரும்பி வந்தது. வெட்டிய இடமெல்லாம் தைல மரத்து வேர் நார் நாராக. ஒரு மண்புழுகூடக் கண்ணில் படவில்லை. இதற்கிடையில் கம்பி வேலியைத் தாண்டும்போது என் ஒரே பேண்ட் பின்பக்கம் கிழிந்துபோனது, வேடிக்கை பார்த்த ஊர் அதை மண் ஆய்வின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டது.

சேர்ந்த மண்ணைத் துணியில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பாகமாகக் கோடு கிழித்து, எதிரெதிரான இரண்டு பாகத்தைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பாதியைத் தள்ள வேண்டும், அரைக் கிலோ ஆகும் வரைக்கும். நான் தள்ளத் தள்ளக் கூட்டத்துக்கு வயிறு எரிந்தது. "நல்ல மண்ணை ஏன் தம்பி எறியறீங்க?" என்று ஒருவர். "இல்லைய்யா, கெட்டதைத்தான் எறியறாரு, கண்ணுலயே கண்டுபுடிக்கிறாரு" என்று இன்னொருவர். ஷார்ஜாவில் மண்ணைப் பிளாஸ்டிக் பையில் அடைத்து, படம் போட்டுக் கடையில் விற்பார்கள். அங்கே ஒருத்தனுக்கும் மண் மேல் இவ்வளவு அக்கறை இருந்து நான் பார்த்ததில்லை.

எடுத்த மண்ணை நிழலில் காய வைக்க வேண்டும். அதுவரை எதற்கு இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும், கொடும்பாளூர் போய் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று செல்வி ரொம்பவும் வற்புறுத்தினாள். பாண்டியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு போனேன். மூவர் கோயில் என்று பெயர், இருப்பது இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். ஆனால் இருக்கிற இரண்டும் கண்ணை விட்டு நகரவில்லை. அவ்வளவு பழைய கல்லின் நிழலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுவிட்டு, மனநிறைவோடு திரும்பி வந்தேன்.

துணியில் காய்ந்துகொண்டிருந்த மண் கறுத்துப்போயிருந்தது. நான் விட்டுப்போனது செங்கல் நிறம். இப்போது காப்பித்தூள் நிறம். குனிந்து மோந்தால் மாட்டுத் தொழுவத்து வாசனை வேறு.

"செல்வி!" என்று கத்தினேன்.

"ரெண்டு கை எருதாண்ணே போட்டேன்" என்று வந்து நின்றாள். "ரெண்டே கை."

அத்தோடு முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்குக் கண்மாய் வண்டல் கொண்டுவந்து தூவியிருக்கிறார். பக்கத்து வீட்டம்மா சாம்பல். யாரோ ஒருவர் கோயில் விபூதியும் ஒரு சிட்டிகை. பாண்டி யூரியா போடலாமா என்று யோசித்து, அது வெள்ளையாகத் தெரியும் என்று விட்டுவிட்டானாம். நான் எகிறினேன். பொய் மண்ணைக் கொடுத்துப் பொய் ரிசல்ட் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், நாளைக்கு அவன் வந்து கடலை போட்டு, அது முளைக்காவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன்.

பக்கத்து வீட்டம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொண்ணு பாக்க வர்றாங்கன்னா இருக்குற நகையைத்தான் போட்டு விடுவோமா? நாலு வீட்டுல எரவல் வாங்கிப் போட்டுத்தான் விடுவோம். ஊரு விட்டு ஊரு போற மண்ணை அப்புடியே வெறுங்கழுத்தா அனுப்பச் சொல்றீங்களா?"

அந்த மண் போகிற இடத்தில் மானத்தோடு போகட்டும் என்று ஊரே நினைத்திருக்கிறது. செல்வி மட்டும் அந்தக் கறுத்த மண்ணை வாரி எருக்குழியில் கொட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு என் சத்தமே கசந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் மறுபடி அத்தனை இடமும் வெட்டினேன். மண் காயும் வரை பக்கத்தை விட்டு நகரவில்லை, சோறுகூட அங்கேயே. செல்வி ஒரு புது மஞ்சள் துணிப் பையில் அதைக் கட்டிக் கொடுத்தாள். பாண்டி வண்டியில் ஒரு கூடையை மாட்டினான். உள்ளே தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு.

"இது யாருக்குடா?"

"ஆய்வுக்கூடத்து மேடத்துக்குண்ணே. வெறுங்கையோட எப்புடிப் போறது?"

கிளம்பும்போது முத்தையாவின் கடைசி உத்தரவு வந்தது. மண் பையை வழியில் எங்கேயும் கீழே வைக்காதே, கண்ட இடத்து உப்பும் உரமும் ஒட்டிக்கொள்ளும். சரி என்று இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து ஊரைத் தாண்டும்போது வண்டி பஞ்சர். பாண்டி கூடையையும் என் தோளில் மாட்டிவிட்டு, "இங்கிட்டே நில்லுங்கண்ணே, ஒட்டிக்கிட்டு வாரேன்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

நான் நின்ற இடம் ஒரு மண்பாண்டம் செய்கிறவர் வீட்டு வாசல். வெள்ளை வேட்டி, மார்பில் மஞ்சள் துணியில் மண், தோளில் தேங்காய் பழம் வெற்றிலை, கீழே வைக்கக் கூடாதே என்ற கவனத்தில் விறைத்த உடம்பு. உள்ளிருந்து வந்த பெரியவர் என்னைப் பார்த்துத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார்.

"எந்த ஊருங்க?" என்றார். முத்தையா ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"மண்ணு கொண்டாந்துருக்கீங்களா?"

"ஆமாங்க. முத்தையா வயல் மண்."

"ஊருல எல்லாருக்கும் சம்மதமா?"

முந்தின நாள் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டு, "எல்லாரையும் சம்மதிக்க வெச்சுத்தாங்க கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

அவர் உள்ளே ஓடிப்போய்ப் பித்தளைத் தாம்பாளம் கொண்டுவந்தார். கை வலிப்பது தெரிந்து உதவுகிறார் என்று நன்றியோடு பையை வைத்தேன். தேங்காய் பழத்தையும் கேட்டார், கொடுத்தேன். சூடம் ஏற்றினார். தேங்காயை உடைத்தார். வீட்டுப் பெண்கள் வந்து குலவை போட்டார்கள். மண் பரிசோதனையை இந்த மாவட்டத்தில் இவ்வளவு பயபக்தியோடு நடத்துகிறார்களே என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பஞ்சர் ஒட்டிவிட்டு வந்த பாண்டி வண்டியை அப்படியே கீழே போட்டான். "அண்ணே! என்னண்ணே பண்ணிட்டீங்க?"

பிறகு அவன் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கும் புரவி எடுப்பு என்று ஒரு திருவிழா உண்டு. ஊர் கூடி ஒரு பிடி மண்ணை வெற்றிலை பாக்கோடு குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் கொடுத்தால், ஊர் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். அந்த மண்ணுக்குப் பெயர் பிடிமண். வேளார் அதை வாங்கிவிட்டால் குதிரை செய்தே ஆக வேண்டும், விழா நடந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் சாமி குற்றம். முத்தையா ஊரில் அந்த விழா நின்று வருஷக்கணக்காகிவிட்டது. காரணம், பிடிமண்ணைக் கிழக்குத் தெருக்காரன் கையால் கொடுப்பதா, மேலத் தெருக்காரன் கையால் கொடுப்பதா என்ற சண்டை. காவல் நிலையம் வரை போன சண்டை.

"மண்ணைத் திருப்பிக் கேளுடா" என்றேன்.

"தேங்கா ஒடைச்சாச்சேண்ணே" என்றான் பாண்டி, ஏறக்குறைய அழுதபடி.

அன்று சாயங்காலம் அய்யனார் கோயில் முன்னால் என்னை நடுவில் நிறுத்தி ஊர் கூடியது. முத்தையாவின் அண்ணன் வந்து என்னை முறைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். உதை நிச்சயம் என்று தோன்றியது. கிழக்குத் தெருவுக்குப் பெருமாள் பேசினார், மேலத் தெருவுக்குச் சின்னையா.

"ஊரைக் கேக்காம ஒரு வெளியூர்க்காரன் பிடிமண்ணு குடுத்தா செல்லுமாய்யா?" என்றார் பெருமாள்.

"செல்லாதுன்னு நீ போயி வேளார்கிட்டச் சொல்லிப் பாரு. அய்யனாருக்கும் நீயே பதில் சொல்லிக்க" என்றார் சின்னையா.

பெருமாள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க எந்தத் தெரு?"

"நான் சென்னைங்க. பெரம்பூர்."

"அது கெழக்கா மேக்கா?"

"வடக்குங்க" என்றேன்.

கூட்டம் வடக்கே திரும்பிப் பார்த்தது. சின்னையா தொண்டையைச் செருமினார். "வடக்குத் தெருன்னு நம்மூர்ல ஒண்ணு கெடையாது. அப்ப கெழக்கும் குடுக்கலை, மேக்கும் குடுக்கலை." பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டு, "அப்புடிப் பாத்தா சரியாத்தான் இருக்கு" என்றார். அத்தனை வருஷச் சண்டை அந்த இடத்தில் தீர்ந்தது. என் தோளில் ஒரு துண்டைப் போட்டார்கள். பெரம்பூரில் பிறந்ததற்கு எனக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது.

"எல்லாம் சரிங்க, என் மண்ணு?" என்றேன்.

"அது இனிமே அய்யனாரு மண்ணு தம்பி. நீங்க வேற எடுத்துக்கங்க."

மூன்றாவது தடவை எடுத்தபோது ஊரே அதிகாரிகளாகிவிட்டது. முத்தையா கிழக்குத் தெரு. அவன் மண்ணில் கிழக்குத் தெருக்காரர்கள் எருவைக் கலந்து பெருமை அடித்துக்கொள்வார்கள் என்று மேலத் தெருவுக்குச் சந்தேகம். மேலத் தெருக்காரர்கள் உப்பைக் கலந்து கெடுப்பார்கள் என்று கிழக்குத் தெருவுக்குச் சந்தேகம். காய்கிற மண்ணுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தெருவுக்கு ஒருவராக, வாக்குச்சாவடி ஏஜெண்டுகள்போல உட்கார்ந்தார்கள். ஒரு கோழி எட்டிப் பார்த்தது, இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். விபூதிக்காரர் கிட்ட வரவே முடியவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கி எழுந்தேன். இவ்வளவு யோக்கியமான மண் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருந்திருக்காது.

ஆய்வுக்கூடத்துக்குச் செல்வி, பாண்டி, நான், தெருவுக்கு ஒரு பிரதிநிதி என்று ஐந்து பேர் போய் இறங்கினோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் உரச் சாக்கில் மண் கொண்டுவந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். "யூரியா சாக்குல கொண்டாந்தா நான் யூரியாவைத்தாங்க டெஸ்ட் பண்ணணும்" என்றார் அங்கிருந்த அம்மா. எங்கள் முறை வந்தது. இந்த மண் யார் எடுத்தது என்று கேட்டார். ஐந்து பேரும் பேசினோம். கடைசியில் பையைப் பிரித்து விரலால் அளைந்து பார்த்துவிட்டு, "ஒழுங்கா எடுத்துருக்கீங்களே" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி யாரும் சொன்னதில்லை.

பெரம்பூர் போய் வீட்டில் தலையைக் காட்டிவிட்டு, மண்ணின் ரிசல்ட் வந்துவிட்டது என்று போன் வந்ததும் திரும்பினேன். மண்வள அட்டையை வாங்கிக்கொண்டு செல்வியும் நானும் அந்த அம்மா முன்னால் உட்கார்ந்தோம். அவர் மறைக்கவில்லை. தழைச்சத்து குறைவு. மணிச்சத்து குறைவு. துத்தநாகம் குறைவு. அங்ககக் கரிமம் என்று ஒன்று இருக்கிறதாம், மண்ணுக்கு உயிர் மாதிரி, அது ரொம்பக் குறைவு. மண் கொஞ்சம் புளித்தும் போயிருக்கிறது. சாம்பல்சத்து மட்டும் பரவாயில்லை.

"உடனே கடலையப் போட்டு லாபம் எதிர்பாக்காதீங்க. கண்மாய் வண்டல் அடிங்க. ஆட்டுக்கிடை போடுங்க. தக்கைப்பூண்டு வெதைச்சு, பூ எடுக்கறப்ப மடக்கி உழுதுருங்க. மழைத்தண்ணி ஓடாம வரப்பு கட்டுங்க. எதையும் கொளுத்தாதீங்க. ரெண்டு மூணு வருஷம் ஆகும். கூடவே ஒரு ஆள் இருந்து பாக்கணும்" என்றார்.

ஊரில் அட்டையை மதிப்பெண் பட்டியல்போலக் கைமாற்றிப் படித்தார்கள். "சாம்பல்சத்து பாஸாம்" என்று சாம்பல் போட்ட பக்கத்து வீட்டம்மா, தான் போட்டது எருக்குழிக்குப் போய்விட்டதை மறந்து பெருமைப்பட்டார். செல்வி ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முத்தையாவுக்குப் போன் போட்டேன். பொய் சொல்லிவிடலாமா என்று அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன். எப்படியும் அவனுக்கு மண்ணைப் பற்றித் தெரியும், மாட்டிக்கொள்வேன் என்றுதான் விட்டேன். இருந்ததை இருந்தபடி படித்தேன். குறைவு, குறைவு, குறைவு.

"அப்ப தேறாதுங்கிற" என்றான் முத்தையா.

செல்வி எழுந்து வந்து போனை என் கையிலிருந்து வாங்கினாள். "குறைவுன்னுதான் போட்டுருக்கு. இல்லைன்னு போடலை" என்றாள். "அந்தம்மா ஆள் இருந்து பாக்கணும்னு சொல்லுச்சு. நீங்க அனுப்புற காசு மம்பட்டி புடிக்குமா? வண்டல் அள்ளுமா? நான் ஒருத்தியா எம்புட்டுதான் பாக்குறது? வந்தா வாங்க. வரலைன்னா நானே பாத்துக்கறேன். ஆனா தேறுச்சா தேறலையான்னு அப்பறம் எங்கிட்ட போன்ல கேக்காதீங்க."

போனை அவன்தான் வைத்தான். அதற்குப் பிறகு நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எடுத்த ஒரே தடவையும், "வேலையா இருக்கேன்டா" என்று வைத்துவிட்டான். செல்வி கேட்கவே இல்லை. பாண்டியோடு கண்மாய்க்குப் போய் வண்டல் பார்த்துவிட்டு வந்தாள். வேளார் வீட்டில் குதிரைக்குக் களிமண் மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு குடும்பத்தில் தேவையில்லாமல் மூக்கை நுழைத்துவிட்டு, எல்லோர் வாயிலும் மண்ணைப் போட்டுவிட்டோம் என்ற வருத்தத்தோடு நான் திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினேன்.

ஷார்ஜாவிலிருந்து வருகிற விமானமேதான் ஆளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பக்கம் இறங்கி வந்தவர்கள் போர்வைப் பொதியும் பெட்டியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் நடை எனக்குத் தெரிந்த நடை. எழுந்து ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். முத்தையா திரும்பினான். ஒரு விநாடி விழித்தான், பிறகு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். ஏதோ கத்தினான், கேட்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் நடுவில், மம்பட்டியை ஓங்கி வெட்டுகிற மாதிரி காட்டினான். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். நானும் இந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக் காட்டினேன். காவலர் வந்து என்னை உட்காரச் சொன்னார்.

விமானம் ஏறும்வரை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் அங்ககக் கரிமத்தைப் பற்றி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தேன். அறைக் கதவைத் திறந்து பெட்டியை வைத்து, விளக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எதிர்க் கட்டிலில் மெத்தை சுருட்டிக் கட்டிக் கிடந்தது. ஆணியில் அவன் சட்டை இல்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் மூடி போட்ட சட்டியில் மீன் குழம்பு, நாலைந்து நாள் தாங்குகிற அளவுக்குப் புளியைத் தூக்கலாகப் போட்டு வைத்திருந்தான். சுட வைத்துச் சாப்பிட்டேன். "நல்லா இருடா படுபாவி" என்று காலிக் கட்டிலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்காக இரண்டு தடவை கெட்டு, மூன்றாவது தடவை ஒழுங்காக மண் எடுத்துக் கொடுத்தவன் நான், கொஞ்சம் மோசமாக எடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?